ஒப்பந்தம் முடிய முன்னர் நான் ஊருக்கு வந்தது ஏன்

விசில் சத்தம் கேட்டுத்தான் நான் கண்ணைத் திறந்தேன். எதிர்ப்பக்கக் கதிரையில் இருக்க வேண்டிய மற்ற உயிர்காப்பாளர் மரியானா கதிரையில் இல்லை. அவள் ஏரிக்குள் வேகமாக நீந்திக்கொண்டிருந்தாள். எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. அது என் பக்கம். நான் காவல் பார்க்க வேண்டிய தண்ணீர்.

அல்லாஹ் காப்பாற்றினான். மரியானா அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டாள். பிள்ளை இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு ஓவென்று அழுதாள். அழுகிறாள் என்றால் உயிர் இருக்கிறது. நான் கதிரையை விட்டு இறங்கி ஓடி வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நான் ஒரு உயிர்காப்பாளன். தண்ணீரைப் பார்ப்பதற்கு என்றே என்னை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். என் பெயர் இம்தியாஸ். பிறந்தது சாய்ந்தமருது. மருதமுனையில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவியின் வீட்டில் குடியிருக்கிறேன். பத்து வார ஒப்பந்தத்தில் போன நான் பாதியில் ஏன் திரும்பி வந்தேன் என்று ஊரில் பல கதை ஓடுகிறது. விசா பிழை என்கிறார்கள். சண்டை பிடித்தான் என்கிறார்கள். ஒருவர் என் மாமனாரிடமே வந்து, "மருமகன் அங்க வேற கலியாணம் முடிக்கப் பாத்தாராமே" என்று கேட்டிருக்கிறார். அட, அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் ஏது! உண்மையை நானே சொல்லிவிடுகிறேன். அல்லாஹ் என் துஆவுக்குத் தந்த பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

பொத்துவில் பக்கம் வெள்ளைக்காரர்கள் குளிக்கிற கடற்கரையில் நான் நான்கு வருடம் உயிர்காப்பு வேலை செய்தேன். ஆங்கிலமும் அங்கேதான் பழகியது. அமெரிக்காவில் பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளைக் காட்டுக்குள், ஏரிக்கரையில் உள்ள முகாம்களில் கொண்டுபோய் விடுவார்கள். மூன்று கிழமை அங்கேயே தங்கி நீந்துவார்கள், படகு ஓட்டுவார்கள், பாட்டுப் படிப்பார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் ஆள் எடுப்பார்கள். எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. நான் விமான நிலையத்துக்கே போகவில்லை, அதற்குள் கூட்டாளிமார் சந்தியில் என் படத்தோடு பெனர் கட்டிவிட்டார்கள். படத்தில் உள்ள கறுப்புக் கோட்டு எனக்குச் சொந்தமில்லை, கணினியில் போட்டது.

அந்தச் சம்பவம் நடந்தது ஆஷூரா நாளில். முஹர்ரம் பத்து. நான் நோன்பு. முகாமில் யாருக்கும் அதை நான் சொல்லவில்லை. கட்டாயமில்லாத, சுன்னத்தான நோன்பை வெளியில் சொன்னால் பிறர் மெச்சச் செய்த முகஸ்துதி ஆகிவிடும் என்று என் மனதுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். அங்கே கோடையில் நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இரவு எட்டரை ஆகும். அது பரவாயில்லை. ஒன்பதாம் நாள் நோன்பையும் நான் அதே கதிரையில் இருந்துதான் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் ஒன்பதாம் நாள் இரவு நான் தூங்கவில்லை. அதுதான் விஷயம். ஊரில் சொப்ட்போல் கிரிக்கெட் போட்டி, காலையிலிருந்து மாலை வரை. ஊரில் பகல் என்றால் அங்கே இரவு. என் மச்சான் ஆடுகிற அணி இறுதிப் போட்டி வரைக்கும் வந்துவிட்டது. ஃபேஸ்புக் நேரலையில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கடைசிப் பந்து வரை பார்த்தேன். இடையில் எழும்பி நாலு பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்து அடுத்த நோன்புக்கு நிய்யத் வைத்தேன். மச்சான் முட்டைக்கு அவுட். அணியும் தோற்றது. நான் ஒரு கண்ணுக்கும் உறக்கம் இல்லாமல் அப்படியே வேலைக்குப் போனேன்.

மத்தியானம் இரண்டு மணி வெயில். உயரமான கதிரை. என் கண் மூடியது.

அன்று மாலை முகாம் பொறுப்பாளர் ஜூடி என்னைக் கூப்பிட்டார். அறுபது வயது இருக்கும், மெல்லிசாகக் கதைக்கிற பெண். முன்னால் அறிக்கைத் தாள். "என்ன நடந்தது?" என்று கேட்டார். தண்ணீரில் சூரியன் பட்டுத் தெறித்தது, ஒரு நிமிடம் கண் கூசிவிட்டது என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. யோசிக்கவே இல்லை, தயாராக வந்து நின்றது. ஜூடி எழுதிக்கொண்டார்.

பிறகு அடுத்த கேள்வி. "பிள்ளை சொல்கிறாள், கால் பிடித்துக்கொண்டது, உங்களைப் பார்த்துக் கை காட்டினாளாம். காட்டினாளா?"

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றால் ஏன் தெரியாது என்று கேட்பார். "இல்லை" என்றேன். "கை காட்டவில்லை."

சகோதரர்களே, அந்த ஒரு சொல். அதைச் சொல்லும்போது அது எங்கே போய் முடியும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையின் பெயர் நோரா. ஒன்பது வயது. நன்றாக நீந்துவாள், அதனால் கையில் பச்சைப் பட்டி போட்டிருந்தாள். பச்சைப் பட்டி என்றால் ஆழத்தில் நீந்தலாம். சிவப்பு என்றால் முழங்கால் தண்ணீர் மட்டும். அவளைக் கயிற்றுக்கு வெளியே இருந்துதானே தூக்கினார்கள்? அவள் மிதந்து போயிருக்கிறாள். நான் கை காட்டவில்லை என்று சொன்னதால், அவள் விளையாட்டுக்குக் கயிற்றுக்குக் கீழால் பாய்ந்து போனாள், மாட்டிக்கொண்டதும் பொய் சொல்கிறாள் என்று எழுதினார்கள். பச்சைப் பட்டியைக் கழற்றினார்கள். சிவப்புப் பட்டி போட்டார்கள். வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னார்கள்.

எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அடுத்த நாள் ஜூடி கண் கூசாத நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து கையில் தந்தார். "முதலிலேயே தந்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். வெட்கம் கெட்ட நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீந்தும் நேரத்தில் நோரா ஆறு வயதுப் பிள்ளைகளோடு கரையோரத்தில் இருப்பாள். மண்ணைக் கிண்டுவாள். இடைக்கிடை தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாள். அழ மாட்டாள், முறைக்க மாட்டாள். சும்மா பார்ப்பாள். முகாம் முழுக்க அவள் பொய் சொன்னாள் என்று இருக்கிறது, பொய் சொன்னது யார் என்று தெரிந்தவர்கள் அந்த ஏரியிலே இரண்டு பேர்தான். அவளும் நானும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

சாப்பாடு இறங்கவில்லை. கண்ட இடத்திலெல்லாம் தலைகளை எண்ணத் தொடங்கினேன். சாப்பாட்டு மண்டபத்தில் எண்ணுவேன். வேனில் ஏறினால் எண்ணுவேன். ஜமாஅத் இல்லை, தனியாகத்தான் தொழுவேன், அதிலும் எத்தனை ரக்அத் என்று தடுமாறும். மனதுக்குள் ஒரு சமாதானம் வேறு வைத்திருந்தேன். நான் நோன்போடு தூங்கினேன் என்று தெரிந்தால் இவர்கள் மார்க்கத்தைக் குறை சொல்வார்கள், நான் மார்க்கத்தின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று. எப்படி இருக்கிறது பாருங்கள்! என் வேலையைக் காப்பாற்றினேன், அதற்கு மார்க்கத்தின் பெயரைப் போட்டேன்.

ஓடிவிட வேண்டும் என்று வந்தது. ஒப்பந்தம் முடியவில்லை. இடையில் போவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். உம்மாவுக்குக் கடும் சுகவீனம் என்று சொல்லத் தீர்மானித்தேன். உம்மா அப்போது சாய்ந்தமருதில் கல்லுப் போல் இருக்கிறா. ஆனால் ஊருக்கு எப்படிப் போவது? பெனர் தொங்குகிற சந்தியால்தானே வீட்டுக்குப் போக வேண்டும்? போவதா, இருப்பதா? முடிவெடுக்க முடியாமல் நான் இஸ்திகாரா தொழத் தொடங்கினேன்.

இரண்டில் எது நல்லது என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் இலேசாக்கு, கெட்டதென்றால் என்னை விட்டு அதைத் திருப்பு என்று கேட்கிற தொழுகை அது. நம்மில் நிறையப் பேருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது, இஸ்திகாரா தொழுதால் கனவில் பதில் வரும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். தொழுதுவிட்டு, கை கால் கழுவிய வுழூவோடு வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பேன், படம் பார்க்கப் போகிறவன் மாதிரி.

கனவும் வந்தது, வராமல் இல்லை. ஒரு நாள் பள்ளிவாசல் வளவில் ஒரு ஆடு. இன்னொரு நாள் நற்பிட்டிமுனை வீதியில் என் மோட்டார் சைக்கிள் காற்றுப் போய் நிற்கிறது, நான் தள்ளிக்கொண்டு போகிறேன். காற்றுப் போனது என்றால் போகாதே என்று அர்த்தமா? வீட்டுப் பக்கம் தள்ளினேன் என்றால் வா என்று அர்த்தமா? பகல் முழுக்க அதைப் போட்டுக் குழப்பிக்கொள்வேன். இப்படிப் பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, ஓய்வு நேரத்தில் என் மனைவி றிஸ்னா போன் எடுத்தா.

"குரல் ஏன் இப்பிடி இரிக்கி?" என்றா.

"ஒண்டுமில்ல. இஸ்திகாரா தொழுதுக்கிட்டு வாறன்."

"எதுக்கு?"

"ஊருக்கு வாறதா, இரிக்கிறதா எண்டு."

"ஏன் வரணும்? போய் ஒண்டரை மாசமும் ஆகல்லயே."

"சாப்பாடு ஒத்து வருதில்ல புள்ள."

"சாப்பாட்டுக்கா இஸ்திகாரா தொழுவுறீங்க?" என்று சிரித்தா. "ஒரு போத்தல் கருவாட்டுச் சம்பல் அனுப்பினா முடிஞ்சிதே."

நான் சிரிக்கவில்லை. அவவுக்கு விளங்கிவிட்டது. பிறகு கேட்டா. "அந்த துஆவில, இந்தக் காரியம் எண்டு வாற இடத்தில, காரியத்திட பேரைச் செல்லணும்தானே. நீங்க என்ன பேரைச் செல்றீங்க?"

பதினொரு நாளும் அந்த இடத்தில் நான் சொன்ன பேர் ஊருக்குப் போவது. ஆனால் என் காரியத்தின் உண்மையான பேர் அது இல்லையே. ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் இருந்து ஓடுவது, அதுதான் பேர். அதை என்னைப் படைத்த ரப்புக்கு முன்னால் ஒரு நாளும் நான் சொல்லவில்லை. அவன் அறியாதவனா? நான்தான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே, மரத்தடியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கிரிக்கெட், தூக்கம், கண்ணாடி, சிவப்புப் பட்டி. சொல்லி முடித்தேன்.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது." அவவுடைய குரல் மாறியிருந்தது. "தன்ட புள்ள பொய் செல்லிட்டா எண்டு அந்த உம்மா நினச்சிக்கிட்டு இரிப்பாவே."

"ம்ம்."

"இதுக்கு என்னத்துக்கு இஸ்திகாரா? உண்மையைச் செல்றதா இல்லயா எண்டு அல்லாஹ்க்கிட்ட சொய்ஸ் கேக்கிறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. வேலை போயிடும், மானம் போயிடும், உனக்கு அங்கே இருந்துகொண்டு கதைப்பது லேசு என்று வெடித்தேன். றிஸ்னா என்னோடு சண்டைக்கு வரவில்லை. "அந்தப் புள்ளையள் எப்ப வீட்ட போறாங்க?" என்று கேட்டா.

"சனிக்கிழமை."

"போயிட்டா பிறகு அந்தப் புள்ளய எங்க தேடுவீங்க? மறுமையில, மஹ்ஷரிலயா?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டா.

அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான் மன்னிக்க வேண்டும் என்று ஓதப் போன வயதிலேயே படித்தோம். படித்ததோடு சரி. ஊரை விட்டு வெளிக்கிடும்போது பயணம் சொல்லப் போய், வீட்டுக்கு வீடு, குற்றம் குறை இருந்தால் பொருந்திக்கொள்ளுங்க என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐம்பது வீட்டுக்கு மேல். தேத்தண்ணி குடித்து வயிறு ஊதியதுதான் மிச்சம், ஒரு வீட்டிலும் நெஞ்சு நடுங்கவில்லை. இப்போது ஒரே ஒரு ஆளிடம் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஜூடியின் கதவைத் தட்டினேன். கறுப்புக் கண்ணாடியை மேசையில் வைத்தேன். "என் கண் கூசவில்லை. நான் தூங்கிவிட்டேன். அன்று நான் நோன்பு" என்றேன். கதையையே நான் நோன்பில் தொடங்கிவிட்டேன், பாருங்கள் என் புத்தியை!

ஜூடியின் முகம் இளகியது. "நோன்பா? தண்ணீர்கூடக் குடிக்காமலா அந்த வெயிலில்? ஏன் சொல்லவில்லை? தெரிந்திருந்தால் உங்களுக்கு நிழலில் வேலை தந்திருப்போமே" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார், இதில் முகாமின் பிழையும் இருக்கிறது, மத விஷயத்தில் நாங்கள்தான் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும், அறிக்கையைத் திருத்தலாம், நீங்கள் இனிமேல் ஏரியில் இல்லாமல் சமையலறையில் கடைசி வரை வேலை செய்யலாம்.

சகோதரர்களே, அந்த நேரம் எனக்குள் ஓடியதைச் சொல்லுகிறேன். வேலை இருக்கிறது. மானம் இருக்கிறது. பிள்ளைக்கும் பட்டி திரும்பக் கிடைக்கும். ஒப்பந்தம் முடித்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்குப் போகலாம். நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பழி நோன்பின் தலையில் விழும். இனி அங்கே வேலைக்கு வருகிற எந்த முஸ்லிம் பிள்ளையையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். எனக்கென்ன?

ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை.

பிறகு அல்லாஹ் என் நாக்கைத் திறந்தான். "நோன்பு என்னைத் தூங்க வைக்கவில்லை. முதல் நாளும் நோன்பிருந்து வேலை செய்தேன். அந்த இரவு நான் போனில் கிரிக்கெட் பார்த்தேன். விடிய விடிய."

"கிரிக்கெட்?" என்றார்.

"என் மச்சானின் அணி."

ஜூடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நோரா கை காட்டினாளா?"

"தெரியாது. என் கண் மூடியிருந்தது. தெரியாமல்தான் இல்லை என்று சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பிள்ளையை நான் இந்த அறையில் வைத்து, பொய் சொல்லக் கூடாது என்று புத்தி சொன்னேன்" என்றார். பிறகு அலுவலகக் குரலில் சொன்னார், பொய் அறிக்கை கொடுத்தவரை வைத்திருக்க முடியாது, ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது, மூன்று மணிக்கு வேன் உங்களைப் பேருந்து நிலையத்தில் இறக்கும்.

நோராவிடம் மன்னிப்புக் கேட்க விடுங்கள் என்றேன். முடியாது என்றார். நீக்கப்பட்டவர் எந்தப் பிள்ளையோடும் அதன் வீட்டாரோடும் கதைக்கக் கூடாது, அது சட்டம். கெஞ்சினேன். முடியாது என்று தலையை ஆட்டினார், கடைசியில் ஒத்துக்கொண்டேன். நல்ல சட்டம்தான், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு உள்ளது. ஆனால் என் நிலைமை? உண்மையும் சொல்லியாயிற்று, வேலையும் போயிற்று, தேடி வந்த மன்னிப்பு மட்டும் இல்லை.

உடுப்புகளைப் பெட்டிக்குள் திணித்தேன். ளுஹர் தொழுதேன். தொழுதுவிட்டு அழுதேன். நாள் கணக்காக அழுகை வராத கண். இந்த முறை காரியத்தின் பேரை மறைக்கவில்லை. "யா அல்லாஹ், நான் ஒரு பிள்ளையைப் பொய்காரி ஆக்கினேன். அவளுடைய வாயால் எனக்கு மன்னிப்பு வர வேண்டும். நான் அவளிடம் போக வழியில்லை. உனக்கு வழி இருக்கிறது. மறுமையில் அவள் என் சட்டையைப் பிடிக்கிற நிலையில் என்னை இந்த இடத்தை விட்டு அனுப்பாதே." கனவு கேட்கவில்லை. அடையாளம் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு வாசல் கேற்றடியில் பெட்டியோடு போய் உட்கார்ந்தேன். வேன் வரவில்லை. யாரோ ஒரு பிள்ளைக்குக் காதுவலி என்று வேன் பட்டணத்துக்கு வைத்தியரிடம் போயிருந்தது. மூன்றரை. எழும்பி நடந்தேன், உட்கார்ந்தேன், திரும்ப எழும்பினேன். நாலு மணி. அப்போது ஒரு கார் வேகமாக வந்து கேற்றுக்கு முன்னால் நின்றது. கண்ணாடியை இறக்கிய பெண்ணைப் பார்த்ததும் எனக்கு யாரென்று விளங்கிவிட்டது. அதே முகம், அதே சுருள் முடி. நோராவின் உம்மா. ஜூடி காலையிலேயே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், அவர் நாலு மணித்தியாலம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"கேற்றைத் திறக்க முடியுமா?" என்றார். நான் திறந்தேன். நன்றி என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் பிள்ளையோடோ வீட்டாரோடோ கதைக்க மாட்டேன் என்று ஜூடியிடம் ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த இடத்தில் இன்னொரு வாக்கை மீற எனக்குப் பயமாக இருந்தது. கேற்றைப் பிடித்தபடி நின்றேன், கார் உள்ளே போனது.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் அலுவலகப் பக்கமிருந்து நடந்து வந்தார்கள். ஜூடி, அந்த உம்மா, நடுவில் நோரா. கையில் பச்சைப் பட்டி. நான் எழும்பி நின்றுவிட்டேன். ஜூடி சொன்னார், "அவள் கேட்கிறாள். உங்கள் வாயாலேயே கேட்க வேண்டுமாம். தாய் சம்மதித்திருக்கிறார்."

நான் அவளிடம் போகவில்லை. அல்லாஹ் அவளை என்னிடம் கொண்டு வந்தான்.

முழங்காலில் இருந்தேன். "நோரா, நீ கை காட்டினாய். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நீ பொய் சொல்லவில்லை. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் யோசித்தாள். "இரண்டு கையாலும் காட்டினேன்" என்றாள்.

"இரண்டு கையாலும் காட்டினாய்."

"எல்லோருக்கும் சொல்வீர்களா?"

ஜூடி குறுக்கிட்டு, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தானே எல்லோருக்கும் சொல்வதாகச் சொன்னார். நோரா சரி என்று தலையை ஆட்டினாள்.

"என்னை மன்னிப்பாயா?" என்றேன்.

"ஓகே" என்றாள்.

அவளுடைய உம்மா மன்னிக்கவில்லை. அதையும் நான் சொல்ல வேண்டும். என்னை நேராகப் பார்த்து, "உங்களிடம் சொல்ல என்னிடம் இப்போது ஒரு வார்த்தையும் இல்லை" என்றார். பிள்ளையின் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சொன்னது நியாயம். அவருக்காக நான் இன்றுவரை துஆக் கேட்கிறேன். அவர்கள் திரும்பி நடக்கும்போதுதான் வேன் வந்து நின்றது. காதுவலிப் பிள்ளை காதில் பஞ்சோடு இறங்கினான். அந்தக் காதுவலி வராமல் இருந்திருந்தால் நான் மூன்று மணிக்கே போயிருப்பேன். அல்ஹம்துலில்லாஹ்.

வழி முழுக்க ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஓகே என்றால் அது மன்னிப்பா? சின்னப் பிள்ளை சும்மா சொல்லியிருப்பாளோ? வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்ததும் றிஸ்னாவிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

"ஓகே எண்டா ஓம்தானே" என்றா. "முதல்ல வந்து சோத்தைத் தின்னுங்க."

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் நீந்தப் பழக்குகிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிற உம்மா வாப்பாமாருக்கு முதலில் இந்தக் கதையைச் சொல்லுவேன். இரண்டு பேர் கேட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் விட்டிருக்கிறார்கள். நோன்பு நாளில் வகுப்பு இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன், வெள்ளிக்கிழமை இரவு என் போன் றிஸ்னாவிடம் இருக்கும். இன்னும் எனக்கு நிம்மதியாகக் கரையில் நிற்க வராது. எண்ணிக்கொண்டே இருப்பேன். ஒரு பிள்ளை தலையைச் சொறிந்தாலும் கை காட்டுகிறானோ என்று பாய்ந்துவிடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என்னைப் போல் இரவும் பகலும் அலைக்கழிந்து, பதில் வரவில்லையே என்று தொழுதுகொண்டிருப்பவர்கள் உங்களில் இருந்தால், தொழுகையை விடாதீர்கள். காரியத்தின் உண்மையான பேரை அவனிடம் சொல்லுங்கள். அந்தப் பேரில் ஒரு மனிதர் இருந்தால், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அந்த மனிதருடைய வாசலுக்குப் போங்கள். கால் நடுங்கும். வாசல் பூட்டியும் இருக்கும். பூட்டைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். அங்கேயே நின்று கேளுங்கள். நான் கேற்றடியில் உட்கார்ந்திருந்தேன், அவன் என் பிள்ளையை, ஓம், நான் அநியாயம் செய்த அந்தப் பிள்ளையை, என்னிடம் நடத்திக் கொண்டு வந்தான்.